லினக்ஸ் நிறுவுதல் எளிதா, அரிதா?

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

ஏரி, குளம், சாலை, குடிநீர், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கணினியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். இன்று ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு கணினியில் ஏறுகிறது. பட்டாவும் சிட்டாவும் கணினி வழியே கிடைக்கின்றன. பயிர்க் காப்பீட்டு விண்ணப்பமும் அவ்வழியே செல்கிறது. பள்ளி, நூலகம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றிலும் பல வீடுகளிலும் கணினி இடம்பெற்றுவிட்டது. ஆதலின் அந்தக் கருவியைப் பழுதின்றி வைத்துக்கொள்வதும், அதற்காகும் செலவைச் சுருக்குவதும் ஊராட்சி நிர்வாகத்தின் ஒரு பகுதியே ஆகும்.

இதனை இப்பொழுது பேசுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம் கணினிகளுள் பெரும்பாலானவற்றில் இருந்துவரும் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதனை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பதிவு செய்துகொள்ளும் தனியாட்களுக்கு ஓராண்டும், நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் மூன்றாண்டு வரையும் பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், ஓரளவு புதிய செயலி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். 2018க்கு முன்னர் வாங்கிய கணினிகளுள் பல இத்தகுதியைப் பெறவில்லை.

இந்நிலையில் நம் முன் மூன்று வழிகள் உள்ளன. புதிய கணினி வாங்கலாம்; அதற்குப் பணம் வேண்டும். பழையதை அப்படியே வைத்திருக்கலாம். திருத்தம் பெறாத கணினி நாளடைவில் திருடருக்குத் திறந்த வீடாகும். மூன்றாவது வழி, லினக்ஸ் என்னும் கட்டணமற்ற இயங்குதளத்தை அக்கணினியில் நிறுவிக்கொள்வது. “சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கணினித் தொழில் அறியாத எங்களால் அதைச் செய்ய முடியுமா?” என்பதே எங்கும் எழுகின்ற கேள்வி.

என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். நிறுவும் வேலை இன்று அவ்வளவு கடினமானதன்று. நிறுவுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளே கடினமானவை. அவற்றைத் தனியொருவர் தலையில் சுமத்தினால் பெரும்பாலும் தோல்வியே கிட்டும். ஊரார் சிலர் சேர்ந்து ஒழுங்காகச் செய்தால் வெற்றி கிட்டும்.

லினக்ஸ் என்றால் என்ன?

கணினி என்பது இரும்பும் கம்பியும் சில்லும் சேர்ந்த ஒரு பொறி. அப்பொறியை நம் ஏவலுக்குப் பணிய வைக்கும் அடிப்படை நிரலை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் அவ்வகையில் ஒன்று, லினக்ஸ் மற்றொன்று.

பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் இதன் கருவை எழுதி வெளியிட்டார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளமாயின. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் இதனை வளர்த்து வருகின்றனர். ஒரு விதை நெல்லைப் பல ஊரார் பயிரிட்டுத் தத்தம் மண்ணுக்கேற்ப வளர்த்தெடுப்பது போல, இதனைப் பல குழுவினர் பல வடிவங்களில் தொகுத்து வழங்குகின்றனர். இத்தொகுப்புகளுள் 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் வந்த உபுண்டு, 2006இல் வந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை பெயர் பெற்றவை. நம் நாட்டு அரசு நிறுவனமாகிய சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

லினக்ஸ் நமக்கு முற்றிலும் புதியது என்று எண்ண வேண்டாம். உங்கள் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்சின் கருவே. வானிலை பார்ப்பதற்கும், சந்தை விலை அறிவதற்கும், பேரப்பிள்ளைகளின் முகம் காண்பதற்கும் நாள்தோறும் நீங்கள் அதனைக் கையாள்கிறீர்கள். அது கடினம் என்று எவரும் முறையிட்டதில்லை. ஏனெனில் கைப்பேசியை விற்ற நிறுவனமே அதனை நிறுவித் தந்துவிட்டது.

கடினம் என்னும் பெயர் ஏன் வந்தது?

இங்கேதான் செய்தியின் உள்ளுறை இருக்கிறது. கடையில் வாங்கும் கணினியில் விண்டோஸ் ஏற்கெனவே இருக்கிறது. அதனைத் தாமே நிறுவியவர் நம்மில் எத்தனை பேர்? அது பழுதுபட்டால் நகரத்துக் கடைக்காரரிடம் கொடுத்துக் கட்டணம் செலுத்தி வாங்கி வருகிறோம். ஆகவே “விண்டோஸ் எளிது, லினக்ஸ் கடினம்” என்று கூறும்போது, பிறர் நிறுவித் தந்த ஒன்றையும் நாமே நிறுவ வேண்டிய மற்றொன்றையும் ஒப்பிடுகிறோம். அந்த ஒப்பீடு நேர்மையானதாகாது. வெறும் கணினியில் விண்டோசை நிறுவுவதும் பழக்கமில்லாதவருக்குக் கடினமான வேலையே ஆகும்.

எனினும் அப்பெயர் காரணமின்றி வந்துவிடவில்லை. 1990ஆம் ஆண்டுகளில் லினக்ஸ் நிறுவ விரும்பியவர் பல நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டியிருந்தது. திரை, சுட்டி, ஒலி ஆகிய ஒவ்வொன்றின் விவரத்தையும் கட்டளைகளாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பொறியியல் அறிந்தோருக்கே அது பல நாள் வேலை. நிறுவாமலே வட்டிலிருந்து லினக்சை இயக்கிப் பார்க்கும் முறையை 2000ஆம் ஆண்டில் வந்த நாப்பிக்ஸ் என்னும் தொகுப்பு பரவச் செய்தது. உபுண்டு வந்தபின் நிறுவும் பணி சில கேள்விகளுக்கு விடையளிக்கும் அளவிற்குச் சுருங்கிற்று. மொழி எது, விசைப்பலகை எது, நேரம் எந்த ஊருக்குரியது, வட்டில் எங்கே வைப்பது, உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் யாவை என்பனவே அக்கேள்விகள். இவற்றுள் ஒன்று மட்டுமே ஆபத்தானது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஐந்து முடிச்சுகள்

கணினித் தொழில் அறியாத ஒருவர் எங்கெங்கே தடுமாறுவார் என்பதை வரிசையாகக் காண்போம். தடுமாறும் இடத்தை முன்னரே அறிந்தவர் அங்கே நின்று நிதானிப்பார்.

முதல் முடிச்சு, எந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது. நூற்றுக்கணக்கான லினக்ஸ் தொகுப்புகள் உள்ளன. விதைக் கடையில் பல நூறு ரகங்களைக் கண்டு மலைப்பவர் போலப் புதியவர் மலைத்து நிற்பார். பக்கத்து வயலில் எது நன்றாக விளைந்ததோ அதனை முதலில் போடுவது உழவர் வழக்கம். அதே முறையை இங்கும் கைக்கொள்க. உங்களுக்கு உதவப் போகிறவர் எந்தத் தொகுப்பை அறிந்திருக்கிறாரோ அதுவே உங்களுக்குச் சிறந்தது. அப்படி எவரும் இல்லையெனில், விண்டோஸ் பழகிய கண்ணுக்கு நெருக்கமான தோற்றமுடைய லினக்ஸ் மின்டை எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும். நினைவகம் 4 ஜிபி இருப்பின் வசதியாக இயங்கும்.

இரண்டாம் முடிச்சு, பென் டிரைவைத் தயாரிப்பது. லினக்ஸ் தொகுப்பு ஏறத்தாழ 3 ஜிபி முதல் 6 ஜிபி வரை அளவுள்ள ஒரே கோப்பாக இணையத்திலிருந்து இறங்கும். அதனைப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது போதாது. ரூஃபஸ், எட்சர் போன்ற சிறு நிரல் ஒன்றின் துணையால் அதனைப் பென் டிரைவில் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்த யாவும் அழிந்துபோகும். ஆதலின் திருமணப் புகைப்படம் வைத்திருக்கும் பென் டிரைவை இதற்கு எடுக்க வேண்டாம். வெறுமையான 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை இதற்கெனவே ஒதுக்கிவிடுக. கோப்பையும் அந்தந்தத் தொகுப்பின் அதிகாரபூர்வமான தளத்திலிருந்தே இறக்கிக்கொள்க.

மூன்றாம் முடிச்சு, கணினியைப் பென் டிரைவிலிருந்து துவங்கச் செய்வது. சக்தி விசையை அழுத்தியவுடன் கணினி வழக்கம்போல் தன் சொந்த வட்டிலுள்ள விண்டோசையே தேடிச் செல்லும். அதனைத் தடுத்துப் பென் டிரைவின் பக்கம் திருப்ப, துவங்கும் அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு குறிப்பிட்ட விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப் 12. எச்பி கணினிகளில் எஸ்கேப் அல்லது எஃப் 9. பிற நிறுவனங்களின் கணினிகளில் வேறு விசையாக இருக்கலாம். நிறுவ முடியவில்லை என்று கைவிடுவோர் பலர் இந்தப் படியிலேயே நின்றுவிடுகின்றனர். லினக்சைக் கண்ணால் காணும் முன்னரே அவர்கள் திரும்பிப்போகின்றனர்! 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட் என்னும் காவல் முறை சில கணினிகளில் இங்கே குறுக்கிடும். உபுண்டு, மின்ட் போன்றவை பெரும்பாலும் அக்காவலைக் கடந்து செல்லும்.

இன்னொரு எச்சரிக்கை. சில மடிக்கணினிகளில் விண்டோஸ் தன் வட்டைப் பிட்லாக்கர் என்னும் பூட்டால் பூட்டி வைத்திருக்கும். துவக்க அமைப்பை மாற்றினால் அது 48 இலக்கமுள்ள மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்த எண்ணை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளாதவர் தம் கோப்புகளையே அணுக இயலாமல் தவிப்பார். பெட்டியைத் திறக்கும் முன் சாவி எங்கே என்று பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

நான்காம் முடிச்சே ஆபத்தானது என்று நான் குறிப்பிட்ட கேள்வி. “வட்டு முழுவதையும் அழித்துவிட்டு லினக்சை நிறுவலாமா? விண்டோசுக்குப் பக்கத்தில் நிறுவலாமா? அல்லது நீங்களே பாகம் பிரிக்கிறீர்களா?” என்று நிறுவும் நிரல் கேட்கும். நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது அளவுக்கல் தவறினால் பிற்பாடு வழக்காகும். இங்கே அளவு தவறினால் வழக்கிட்டும் மீட்க இயலாது. பத்தாண்டுக் கணக்கும், குடும்பப் படங்களும் ஒரு நொடியில் போய்விடும். அதிலும் இக்கேள்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில், தொழிற்சொற்கள் நிறைந்த திரையில் வருகிறது. பொருள் விளங்காமல் “சரி” என்று தட்டும் கையே இங்கு இழப்பை உண்டாக்குகிறது. இதற்குப் பரிகாரம் ஒன்றுதான். வேலையைத் தொடங்குமுன் முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் மற்றொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்து, அதன்பின் அந்த வட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். நகல் எடுக்காத கணினியில் எவரும் கை வைக்கலாகாது.

ஐந்தாம் முடிச்சு, நிறுவிய பின்னர் வருவது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் லினக்ஸ் திரையில் தோன்றிவிடும். அனைவரும் மகிழ்வர். மறுநாள் காலையில்தான் உண்மையான சோதனை தொடங்கும்.

மறுநாள் காலைச் சோதனைகள்

முதலாவது, வைஃபை. சில கணினிகளிலுள்ள வைஃபைச் சில்லுக்குரிய இயக்கி நிரல் தொகுப்போடு வருவதில்லை. அதனை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையமோ வைஃபை இன்றிக் கிடைக்காது! கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டும், கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது என்பது போன்ற நிலை இது. இதற்கு எளிய வழி உண்டு. கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டினால் கைப்பேசியின் இணையம் கணினிக்குக் கிடைத்துவிடும். அதைக்கொண்டு இயக்கியை இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிரிண்டர். எச்பி நிறுவனம் தன் பிரிண்டர்களுக்காக எச்பிலிப் என்னும் நிரலை லினக்சிற்கு வழங்குகிறது. புதிய பிரிண்டர்கள் பல தாமே இணைந்துகொள்கின்றன. ஆனால் அலுவலகங்களிலுள்ள சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்சில் மிகுந்த தொல்லை தரும். எனவே பிரிண்டரின் மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு, அது இயங்குமா என்று முன்னரே விசாரித்தறிவது நலம்.

மூன்றாவது, தமிழ். தமிழில் தட்டச்சு செய்ய லினக்சில் குறையொன்றுமில்லை. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்னும் அமைப்பின் வழியே கிடைக்கும். ஆனால் அதனை ஒருமுறை அமைத்துத் தர வேண்டும். 2010இல் ஒருங்குறி அரசின் தரமாக அறிவிக்கப்படுவதற்கு முன், வேறு குறியீட்டு எழுத்துருக்களில் அடித்து வைத்த தீர்மானங்களும் கடிதங்களும் நம் அலுவலகங்களில் ஏராளம். அந்த எழுத்துருக் கோப்புகளையும் எடுத்துச் சேர்க்காவிட்டால், பழைய தீர்மானங்கள் யாவும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். “லினக்ஸ் தமிழைக் கெடுத்துவிட்டது” என்று பழி வரும். குற்றம் லினக்சினுடையதன்று, எழுத்துருவை மறந்ததே.

நான்காவது, டிஜிட்டல் கையொப்பச் சாவி. ஊராட்சியின் பணம் வழங்கும் பணிக்கு இச்சாவி இன்றியமையாதது. இ-கிராம் ஸ்வராஜ் போன்றவை உலாவியில் இயங்கும் தளங்களே. ஆதலின் அவற்றைப் பார்ப்பதற்கு லினக்ஸ் தடையன்று. ஆனால் கையொப்பச் சாவிக்குத் தனி இயக்கி நிரல் வேண்டும். உங்கள் சாவிக்கு லினக்சில் அந்நிரல் உண்டா என்பதை வழங்கியவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே அந்தக் கணினியில் கை வைக்க வேண்டும். ஒரு நாள் கையொப்பம் நின்றால் வேலையாட்களின் கூலி நிற்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதுபோலவே கூட்டுறவுச் சங்கத்தில் டேலி போன்ற விண்டோசுக்கென எழுதப்பட்ட கணக்கு நிரல் இருப்பின், அந்தக் கணினியை மாற்ற வேண்டாம்.

ஐந்தாவது, ஒரு சிறு விந்தை. விண்டோசையும் லினக்சையும் ஒரே கணினியில் வைத்திருப்போர், விண்டோசுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிந்திக் காட்டுவதைக் காண்பர். கணினி கெட்டுவிட்டதென அஞ்ச வேண்டாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கடிகாரத்தில் பதிக்கிறது. விண்டோஸ் உள்ளூர் நேரத்தைப் பதிக்கிறது. இரண்டிற்கும் நம் நாட்டில் ஐந்தரை மணி நேர வேறுபாடு. ஒரே கட்டளையால் இதனைச் சரிசெய்யலாம். காரணம் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் இந்தச் சிறு விந்தையே லினக்சைக் கைவிடச் செய்யும் பெரிய அச்சமாகிவிடுகிறது.

பிற இடங்களில் கண்டவை

ஸ்பெயின் நாட்டின் மேற்கெல்லையில் எக்ஸ்ட்ரமதூரா என்னும் மாநிலம் உண்டு. உழவும் மேய்ச்சலும் மிகுந்த, செல்வம் குறைந்த பகுதி அது. 2002இல் அம்மாநில அரசு டெபியனை அடிப்படையாகக் கொண்டு லினெக்ஸ் என்னும் சொந்தத் தொகுப்பை வெளியிட்டது. பள்ளிகளில் இரு மாணவருக்கு ஒரு கணினி என்ற அளவில் அதனை நிறுவிற்று. நிரல்களுக்கு அம்மண்ணில் பிறந்த ஓவியர், கவிஞர் ஆகியோரின் பெயர்களைச் சூட்டினர். ஊர் மக்கள் கணினி பழகுவதற்கு அறிவு மையங்களையும் அம்மாநிலம் நடத்திவந்தது. குடிமக்கள் ஒவ்வொருவரும் தாமே கற்றுத் தாமே நிறுவட்டும் என்று அரசு விட்டுவிடவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. 2010ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அரசின் ஆதரவு நின்றது, அத்திட்டமும் முடிவுற்றது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளில் அதனை நிறுவிற்று. எனினும் 2017இல் அந்நகர் மன்றம் மீண்டும் விண்டோசுக்குத் திரும்பத் தீர்மானித்தது. பதினையாயிரம் கணினிகளில் நிறுவ முடிந்தவர்களுக்கு நிறுவுதல் ஒரு தடையாக இருந்திருக்க இயலாது. பழைய ஆவணங்களும், பிற அலுவலகங்களோடு கோப்புப் பரிமாற்றமும், ஊழியர் குறைபாடுகளும், மன்றத்தில் மாறிய கருத்தும் சேர்ந்தே அம்முடிவுக்கு வழிவகுத்தன. நிறுவிய பின் வரும் காலமே நெடியது என்பதற்கு இஃதொரு சான்று.

நம் அண்டை மாநிலமாகிய கேரளம் வேறொரு பாடம் தருகிறது. அங்கே அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே கற்பிக்கப்படுகிறது. ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய அத்திட்டம் 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவைத் தழுவிய தனித் தொகுப்பொன்றை அது பள்ளிகளுக்கு வழங்குகிறது. ஆசிரியர்களுள்ளேயே பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினர். 2018இல் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்களும் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. ஐயம் எழுந்தால் கேட்பதற்குப் பக்கத்து வகுப்பில் ஒருவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையே அங்கே லினக்சை நிலைநிறுத்தியது என்று நான் கருதுகிறேன்.

ஊராட்சி செய்யத்தக்கது

இனி நம் கடமைக்கு வருவோம். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. கிராமச் சாலைக்கும் குளத்துக்கும் சிரமதானம் செய்து பழகியவர்கள் நாம். அதுபோன்ற ஒரு நாள் கூட்டுழைப்பே இதற்கும் வேண்டும்.

ஊரில் கல்லூரியில் பயிலும் இளைஞர் இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஆணொருவரும் பெண்ணொருவருமாக இருப்பின் வீட்டுப் பெண்களும் தயங்காது உதவி கேட்பர். அவ்விருவரும் முதலில் தம் சொந்தக் கணினியில் பழகட்டும். பிறகு ஊராட்சி அலுவலகத்திலோ, பள்ளியிலோ, நூலகத்திலோ ஒரு விடுமுறை நாளில் முகாம் நடத்துங்கள்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்னரே ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். நினைவகம் எவ்வளவு, பிரிண்டர் எது, விண்டோசில் மட்டும் இயங்கும் நிரல் ஏதேனும் உண்டா, கையொப்பச் சாவி உண்டா, பழைய எழுத்துரு எது, கோப்புகளின் நகல் எங்கே இருக்கிறது என்னும் ஆறு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். விடையில்லாத தாளுக்குரிய கணினியை முகாமுக்குக் கொண்டுவர வேண்டாம். இந்தத் தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

முகாமில் முதலில் எதையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே லினக்சை இயக்கிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ் தெரிகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று சோதியுங்கள். இதனால் வட்டிலுள்ளவற்றுக்கு யாதொரு தீங்கும் வாராது. குறை இருப்பின் அப்போதே தெரிந்துவிடும். நிறைவாக இருப்பின் அதன்பிறகு நிறுவலாம். மண் பரிசோதனை செய்தபின் பயிரைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒப்பாகும்.

முதல் ஆண்டில் நூலகக் கணினி, பள்ளிக் கணினி, வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு 2011இல் மாணவருக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அளித்தவற்றுள் பல இன்று வீட்டு அலமாரியில் தூங்குகின்றன. அவற்றுள் நினைவகம் போதிய அளவு உள்ளவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்கலாம். பணம் வழங்கும் கணினியைக் கடைசியாக, துறை அலுவலரின் ஒப்புதல் பெற்று, எல்லாம் தெளிந்த பின்னரே தொட வேண்டும்.

முகாம் முடிந்தபின் ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்தக் கணினியில் எந்த விசை, எந்தப் பிரிண்டருக்கு எந்த இயக்கி, என்ன தொல்லை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று தமிழில் எழுதி வாருங்கள். அந்த இளைஞர்கள் வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிட்டாலும் குறிப்பேடு ஊரில் இருக்கும். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஐயம் கேட்க வருவோருக்கென ஒதுக்குங்கள். முதல் மூன்று மாதம் இதனைத் தவறாது நடத்தினால், மாறியவர் திரும்பிப்போகார்.

முடிவாக

லினக்ஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதால் அதற்குச் செலவே இல்லை என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். பணத்திற்குப் பதிலாக நேரமும் பொறுமையும் கேட்கும் பொருள் அது. அந்த விலையைத் தனியாளாகச் செலுத்துவது விவசாயிக்கும், வீட்டுப் பெண்ணுக்கும், முதியவருக்கும் பெரும் பாரம். ஊர் சேர்ந்து செலுத்தினால் ஒவ்வொருவர் பங்கும் சிறிது.

நிறுவத் தெரியாதவர் அறிவிலர் அல்லர். பம்பு செட்டை நாள்தோறும் ஓட்டுபவர் அனைவரும் அதன் மோட்டாருக்குச் சுருள் கட்டத் தெரிந்தவர் அல்லரே! அதற்கென ஊரில் ஒருவர் இருக்கிறார். அதனால் நாம் அஞ்சாது பயிர் செய்கிறோம். கணினிக்கும் அப்படி ஒருவரை உருவாக்கிக்கொள்வதே ஊராட்சியின் வேலை. அவ்வாறு உருவாக்கிய ஊரில் லினக்ஸ் நிறுவுதல் எளிது; உருவாக்காத ஊரில் அது அரிதாகவே இருக்கும். எந்த ஊராக இருப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களே.

அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, இளைஞர் இருவரின் பெயரையும் முகாம் நாளையும் குறிக்குமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.